அறுபத்தொரு பெட்டிகளும் ஒரு சாவியும்

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். குருவின் பெயர் ரெஜினா, வயது முப்பத்து மூன்று. சீடர் இசக்கியப்பனுக்கு ஐம்பத்திரண்டு. தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்து பார்த்து, அது தன்னால் ஆகிற காரியமில்லை என்று தெரிந்து இந்த மாடிப்படி ஏறியவர். அவர் குருவை டீச்சர் என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

ஆற்றுப் பாலங்களில் அறுபத்தொரு பெட்டிகள் தொங்கின. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து அணை அலுவலகத்துக்குச் சொல்லும் சின்னக் கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கு பூட் இமேஜ் தயாரித்து அனுப்புவதுதான் இந்த மாடியில் நடக்கிற வேலை.

பூட் இமேஜ் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பெட்டி கண் விழித்ததும் அதன் கையில் கொடுக்கிற சின்ன மூட்டை. மூட்டைக்குள் கெர்னல், அதாவது பெட்டியை ஓட்டுகிற மூல நிரல், இருக்கும். கூடவே, பெட்டியின் சேமிப்புக் கார்டைத் திறக்கத் தெரிந்த மாட்யூல் என்ற குட்டி நிரல் ஒன்று இருக்கும். மற்றதெல்லாம் அந்தக் கார்டுக்குள் இருக்கிறது. மாட்யூலை மூட்டையில் வைக்காமல் விட்டால் பெட்டி விழிக்கும், கார்டைத் திறக்க வழி தெரியாது, திருதிருவென்று விழித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

ஆடி மாதம் இசக்கியப்பன் செய்த கூத்து அதுதான். கெர்னலின் புதுப் பதிப்பில் அந்த மாட்யூலுக்குப் பெயரை மாற்றியிருந்தார்கள். ரிவாகார்டு என்று இருந்தது ரிவாஹோஸ்ட் ஆகிவிட்டது. இமேஜ் தயாரிக்கும் கட்டளைத் தொடரான ஸ்கிரிப்ட், மூட்டையில் என்னென்ன வைக்க வேண்டும் என்ற பட்டியலில் இருந்த பழைய பெயரைத் தேடியது, கிடைக்கவில்லை, சிவப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. இசக்கியப்பனுக்கு அவசரம். "இல்லாவிட்டால் பரவாயில்லை, மேலே போ" என்று ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சேர்த்தார். ஸ்கிரிப்டும் சொன்ன பேச்சைக் கேட்டு மேலே போனது. இமேஜ் அழகாகத் தயாரானது. முதலில் ஏற்றிப் பார்த்த மேலப்பாலத்துப் பெட்டி செத்துப் போனது. ஒரு ஆள் கம்பத்தில் ஏறி அதைக் கழற்றி இறக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அணை அலுவலகத்துப் பொறியாளர் தில்லைநாயகத்துக்கு ஒரே பேச்சுதான். ஃபோனில் இசக்கியப்பன் குரல் கேட்டால், "ரெஜினா மேடம் இருக்காங்களா?" என்பார். அவ்வளவுதான். வேறொரு சொல் பேச மாட்டார். அந்த ஒரு வாக்கியம் இசக்கியப்பனுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த ஃபோன் வந்தது. ரெஜினா ஸ்பீக்கரில் போட்டார்.

"மலையில மழை கொட்டுது மேடம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷட்டரைத் தொறக்கோம். தண்ணி வேகமா ஏறுனா பழைய கெர்னல் அப்படியே உறைஞ்சு போவுது. அதுக்கு முன்னால அறுபத்தொண்ணுலயும் புதுசு ஏறிறணும்."

"ஏறிரும்."

"ஒரு பெட்டி செத்தாலும் அப்புறம் பாலத்துக்கு ஆள் போக முடியாது. கீழ இருக்கிற ஊருக்கு எப்ப தண்ணி வரும்னு சொல்ல நாதி இருக்காது. நீங்களே உக்காந்து செஞ்சிருங்க மேடம்."

"அண்ணாச்சி செய்வாவ."

"மேடம், அவரு ஆடி மாசம்..."

"அண்ணாச்சிதான் செய்வாவ" என்று சொல்லிவிட்டு ரெஜினா ஃபோனை வைத்தார்.

இசக்கியப்பனுக்குச் சந்தோஷம் ஒரு நொடி. அடுத்த நொடி மேலப்பாலத்துப் பெட்டி ஞாபகம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். பிறகு எழுந்து குருவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், ஆடி மாசத்துக்கு அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு இமேஜ் போவுது. ஒண்ணு புது கெர்னல். அது கவுந்தா கைகுடுக்க ஒண்ணு பழைய கெர்னல். ரெண்டுக்கும் ஒரே பட்டியல்தான்."

"ஆமா."

"பட்டியல்ல புதுப் பேர எழுதுனா பழைய இமேஜ் பாதியில நிக்கு. பழைய பேர எழுதுனா புதுசு நிக்கு."

"சரி."

"ரெண்டு பேரையும் எழுதுனா, ரெண்டுமே நிக்கு. ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு எங்கன்னு கேக்கு."

"சரி."

"இல்லாட்டா பரவாயில்லன்னு சொன்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. செத்துப் போன மேலப்பாலத்துப் பெட்டி ஜன்னல் ஓரத்தில்தான் கிடந்தது. அதன் இடத்தில் வேறொரு பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ரெஜினா செத்ததை எறியவும் இல்லை, அதைப் பற்றி ஒரு சொல் பேசவும் இல்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இசக்கியப்பன் டீ குடிப்பார்.

"கெர்னல் பதிப்பைப் பாத்து, இதுக்கு இந்தப் பேரு, அதுக்கு அந்தப் பேருன்னு பிரிச்சு எழுதலாம். ஆனா தை மாசம் கெர்னல் எழுதுறவன் திரும்பப் பேர மாத்துவான். திரும்ப நான் இங்கன வந்து நிப்பேன். பேரு மாறிக்கிட்டே இருந்தா நான் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்க, டீச்சர்?"

ரெஜினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சோதிக்கதுக்கு நம்மகிட்ட நல்ல பெட்டி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒண்ணு பம்ப் ஹவுஸ் ரூம்ல பூட்டிக் கெடக்கு. அங்க வியாகப்பன்னு ஒருத்தர், அவர்ட்ட சாவி இருக்கும். போய் எடுத்துட்டு வாங்க."

கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று இசக்கியப்பன் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பம்ப் ஹவுஸ் வாசலில் புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் வால்வுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வியாகப்பன் இருக்காரா?"

"அப்படி யாரும் இங்க இல்லியே."

"இங்கதான்னு சொன்னாவ."

"இல்லியே அண்ணாச்சி."

எதிரில் இருந்த டீக்கடையில் கேட்டார். டீக்கடைக்காரர் எந்த வியாகப்பன் என்று திருப்பிக் கேட்டார். பேக்கரியில் ஒருவர் இருக்கிறாராம், கோயிலில் மணி அடிக்கிறவர் ஒருவராம். இசக்கியப்பன் பேக்கரிக்குப் போனார். அந்த வியாகப்பன் மாவுக் கையோடு வந்து, பம்ப் ஹவுஸ் பக்கமே தான் போனதில்லை என்று சத்தியம் செய்தார். மணி அடிக்கிற வியாகப்பனுக்குக் காது மந்தம். அவரிடம் விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் இசக்கியப்பனுக்கே தொண்டை கட்டிவிட்டது. வார்டு அலுவலகத்தில் விசாரித்தார். அங்கே ஒரு பெரிய பதிவேட்டைப் புரட்டினார்கள். அதில் எல்லாப் பெயரும் இருந்தது, இந்தப் பெயர் இல்லை.

மாடிக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டே கால். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரெஜினா தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கெடைக்கலியா?"

"அப்படி ஒரு ஆளே அங்க கெடையாது டீச்சர். ஊரு பூரா தேடிட்டேன்." குரலில் கோபம் எட்டிப் பார்த்தது. அஞ்சு மணிக்குத் தண்ணீர் வரப்போகிறது, இங்கே என்னை வியாகப்பனைத் தேட விட்டுவிட்டு இவர் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிடுகிறாரே என்று அவருக்கு ஆத்திரம்.

"உங்களுக்கு வியாகப்பன் எதுக்கு?"

"சாவிக்கு."

"சாவியக் கேட்டியளா?"

இசக்கியப்பன் திரும்பிப் படியிறங்கினார்.

பம்ப் ஹவுஸில் அதே பெண், அதே எண்ணெய்க் கிண்ணம்.

"தாயி, இந்த ரூம் சாவி யார்ட்ட இருக்கு?"

அவர் சட்டையைச் சற்றுத் தூக்கினார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.

"எங்கிட்டதான்."

"அட, காலையிலயே சொல்லியிருக்கலாமில்லியா?"

"நீங்க வியாகப்பனக் கேட்டிய. சாவியக் கேக்கலியே." அவர் முகத்தில் கேலி ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொன்னார். "அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. நான் வந்து ஆறு மாசமாச்சு. இங்க எதைத் தொறக்கணும்னாலும் நாந்தான்."

அறையைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு இரும்பு பீரோ. பெட்டி அதற்குள் இருக்கிறது என்றார்.

பட்ட அடி புதிது. அதனால் இசக்கியப்பன் இந்த முறை சரியாகவே கேட்டார். "பீரோ சாவி யார்ட்ட இருக்கு?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குப் பூட்டே கெடையாது அண்ணாச்சி. இழுங்க, வரும்."

இழுத்தார். வந்தது.

திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்டியை முன்னால் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தவருக்குப் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வந்தது. மூவாயிரத்து நானூற்று இருபத்தேழு என்று ஒரு இணைப்பு. முதலில் அது ஜவுளிக் கடை, பிறகு மருந்துக் கடை, பிறகு ஒரு வக்கீல் வீடு. டைரக்டரியில் மூன்று தடவை பெயர் மாறியது. இவர் பலகையில் கம்பி மாட்டிய துளை இருபத்தாறு வருடமும் அதே துளைதான். பெயரைப் பார்த்து ஒரு நாளாவது அவர் கம்பி மாட்டியதுண்டா? இசக்கியப்பன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து ஆட்டோக்காரர் விசித்திரமாகப் பார்த்தார்.

மாடிக்கு வந்ததும் பட்டியலைத் திறந்து இரண்டு பெயர்களையும் அழித்தார்.

பெட்டிக்குள் கார்டைப் பிடித்திருக்கிற சிப்புக்கு ஒரு எண் உண்டு. அது சிப்பிலேயே பொறித்தது, கெர்னல் எழுதுகிறவர்கள் தொட முடியாதது. ஒவ்வொரு மாட்யூலும் இன்னின்ன எண்களுக்கு நான் வேலை செய்வேன் என்று தனக்குள் ஒரு வரி எழுதி வைத்திருக்கும். இது இசக்கியப்பனுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். பாடத்தில் படித்தது. கையில் கிடந்ததைக் கண் பார்க்கவில்லை, அவ்வளவே.

பட்டியலில் இப்போது எண்ணை மட்டும் எழுதினார். இந்த எண்ணுக்கு யார் வேலை செய்வது என்று ஸ்கிரிப்டைக் கேட்கச் சொன்னார்.

புது கெர்னலில் ரிவாஹோஸ்ட் கை தூக்கியது. பழைய கெர்னலில் ரிவாகார்டு கை தூக்கியது. இரண்டு இமேஜும் தயாராகின. இரண்டு பெயரில் ஒன்றைக்கூட அவர் தட்டவில்லை.

அவருக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. ஆடவில்லை. ஸ்கிரிப்டின் நடுவே கிடந்த தன்னுடைய ஆடி மாத வரியைத் தேடிப் பிடித்தார். "இல்லாவிட்டால் பரவாயில்லை, மேலே போ." அதை அழித்தார். அந்த இடத்தில், யாரும் கை தூக்காவிட்டால் நில் என்று எழுதினார்.

பம்ப் ஹவுஸிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் புது இமேஜை ஏற்றினார். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி கார்டைத் திறந்து, தன் பெயரைச் சொல்லி, தண்ணீர் எங்கே என்று கேட்டது. பழையதை ஏற்றினார். அதுவும் எழுந்தது. மணி ஒன்றரை.

ஆனால் பாலங்களில் இருந்தவை எல்லாம் ஒரே வகை இல்லை. நாற்பது பெட்டிகள் இந்த வகை. மிச்சம் இருபத்தொன்று வேறு வகை, வேறு கெர்னல், வேறு சிப்பு. அந்தச் சிப்பின் எண்ணைக் கொடுத்தார். ஸ்கிரிப்ட் ஓடியது. சிவப்பில் ஒரு வரி விழுந்தது. இந்த எண்ணுக்கு யாரும் இல்லை என்றது. நின்றது.

இசக்கியப்பனுக்கு வேர்த்துவிட்டது. எண்ணைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஓடவிட்டார். மறுபடி நின்றது. அழித்த அந்த ஒற்றை வரி விரல் நுனியில் வந்து உட்கார்ந்தது. அதைத் தட்டினால் போதும், சிவப்பு போய்விடும், இமேஜ் தயாராகிவிடும்.

ரெஜினா டிபன் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

இசக்கியப்பன் கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாவி யாரிடமும் இல்லை. ஊர் பூராவும் யாரிடமும் இல்லை. அப்படி என்றால்...

"இழுங்க, வரும்" என்று தனக்குத்தானே சொன்னார்.

கெர்னல் தனக்குள்ளேயே சேர்த்துக் கட்டிக்கொண்டவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதைத் திறந்தார். அந்தச் சிப்பைத் திறக்கும் வேலை அங்கே இருந்தது. முந்தைய பதிப்பு வரை தனி மாட்யூலாக வெளியே இருந்ததை இந்தப் பதிப்பில் கெர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். மூட்டையில் தனியாகப் போட ஒன்றுமில்லை. பூட்டு இல்லாத பீரோவுக்கு அவர் சாவி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கிரிப்டில் இன்னும் ஒரு வரி எழுதினார். முதலில் வெளியே கேள். இல்லையென்றால் உள்ளே பார். இரண்டிலும் இல்லையென்றால் நில்.

ஓடவிட்டார். இமேஜ் தயாரானது.

அதோடு நிறுத்தவில்லை. எந்தச் சிப்புக்கும் இல்லாத ஒரு பொய் எண்ணைக் கொடுத்து மறுபடி ஓடவிட்டார். சிவப்பு வரி விழுந்தது. ஸ்கிரிப்ட் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ரெஜினா பின்னால் வந்து நின்றிருந்தார். "நிக்கதப் பாத்தா பயமில்லியா அண்ணாச்சி?"

"நிக்கட்டும் டீச்சர். இங்கன நின்னா நான் ஒருத்தன் நிப்பேன். பாலத்துல நின்னா ஒரு ஊரே நிக்கும்."

ரெஜினா தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அவர் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

இரண்டே முக்காலுக்கு முதல் இமேஜ் போனது. சுவரில் இருந்த திரையில் ஆறு ஒரு நீலக் கோடாகக் கிடந்தது. அதன் மேல் அறுபத்தொரு புள்ளிகள். இமேஜ் ஏறி, பெட்டி அணைந்து, மறுபடி விழிக்க வேண்டும். அணையும்போது புள்ளி கறுக்கும். விழித்தால் பச்சை.

முதல் புள்ளி கறுத்தது. இசக்கியப்பன் மூச்சை அடக்கினார். பச்சை.

இரண்டாவது. மூன்றாவது. பிறகு ஐந்து ஐந்தாக, பத்துப் பத்தாக. மலையடிவாரத்திலிருந்து கடல் பக்கமாகப் பச்சை இறங்கிக்கொண்டே வந்தது. கீழே சைக்கிள் கடைக்காரர்கூட மேலே வந்து, என்ன ஏதென்று புரியாமல், கதவோரம் நின்று எண்ணத் தொடங்கிவிட்டார். ஐம்பத்தாறு. ஐம்பத்தொன்பது. அறுபது.

ஒரு புள்ளி மட்டும் கறுப்பாக நின்றது.

மேலப்பாலம்.

இசக்கியப்பன் ஜன்னல் ஓரத்துச் செத்த பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. சைக்கிள் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். ரெஜினா அசையவில்லை.

"வரும்" என்றார் இசக்கியப்பன். யாரும் அவரைக் கேட்கவில்லை. "அங்கன சிக்னல் மந்தம். எக்ஸ்சேஞ்ச்ல இருந்த காலத்துலயே அந்தப் பக்கம் லைன் அப்படித்தான். வரும்."

வந்தது. புள்ளி பச்சையானது. பக்கத்திலேயே ஒரு எண்ணும் வந்தது. தண்ணீர் ஒன்று புள்ளி நான்கு மீட்டர்.

இசக்கியப்பன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் சைக்கிள் கடைக்காரரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். சைக்கிள் கடைக்காரருக்கும் காரணம் தெரியாமலே கண் கலங்கியது. மணி மூன்று இருபது. ஷட்டர் திறக்க இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது.

ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தன. எந்த ஊருக்கு எப்போது என்று அணை அலுவலகம் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே வந்தது. ஆற்றங்கரைச் சனங்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏற நேரம் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. இசக்கியப்பன்தான் எடுத்தார்.

"ரெஜினா மேடம் இருக்காங்களா?" என்றது தில்லைநாயகத்தின் குரல்.

இசக்கியப்பன் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. ஃபோனை நீட்டினார். ரெஜினா அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"இருக்கேன். சொல்லுங்க."

"அறுபத்தொண்ணும் கிளி மாதிரி பேசுது மேடம்! ஒண்ணுகூட உறையல. ஆளுக எல்லாம் மேட்டுக்கு ஏறியாச்சு. மேலதிகாரி பக்கத்துலதான் நிக்காரு. அடுத்த ஆத்துக்கு நூத்து நாப்பது பெட்டி வருதாம். அதுக்கும் ரெஜினா மேடம்தான் இமேஜ் செய்யணும்னு சொல்லிட்டாரு."

ரெஜினா ஃபோனை மேசையைத் தாண்டி நீட்டி இசக்கியப்பனின் கையில் வைத்தார். அது அவர் கையில் இருக்கும்போதே, அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நீங்க ரெஜினாவக் கேட்டிய, அதான் நான் பேசுனேன். சாவி அண்ணாச்சி இடுப்புல இருக்கு. அவியகிட்ட கேளுங்க."